முதல் நல்ல கேமரா: லென்ஸில் தொடங்கி வாங்குவதும், ஈரத்திலிருந்து காப்பதும்

கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். இன்றைக்கு இது நேரத்தை வீணாக்கும் கேள்வி. கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம், பானசோனிக் எதுவானாலும், கடந்த பத்தாண்டுகளில் வந்த நடுத்தர மாடல் ஒன்று கையில் இருந்தால் படம் கெடுவதற்குக் கேமராவைக் காரணம் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவை வேறு. எதைப் படம் எடுக்கப் போகிறேன்? அதற்கு எந்த லென்ஸ் வேண்டும்? அந்த லென்ஸ் எந்த மவுண்டில் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு; பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) எனக்குக் கட்டுப்படியாகும்? கடைசியாக, அந்த மவுண்டில் எந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா)? பலரும் இந்த வரிசையின் கடைசிக் கேள்வியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பணமெல்லாம் பாடிக்குப் போய்விடுகிறது. பெட்டியோடு வந்த கிட் லென்ஸே கதி என்றாகிவிடுகிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சென்னை, நாகை, தூத்துக்குடி, கொழும்பு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கேமராவின் முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நாம் கடக்க முடியாது. ஆகவே பராமரிப்புச் செலவையும் வாங்கும் கணக்கிலேயே சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதை எடுக்கப் போகிறீர்கள்?

"எல்லாவற்றையும்" என்பது பதிலாகாது. கடந்த ஓராண்டில் செல்பேசியில் எடுத்த படங்களை ஒரு மாலை உட்கார்ந்து புரட்டுங்கள். எதை அதிகம் எடுத்திருக்கிறீர்கள், எந்த இடத்தில் செல்பேசி கைவிட்டது என்று பாருங்கள். தேவை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தைகள் மங்கலாக விழுகிறார்களா? உங்களுக்கு வேண்டியது ஒளி கூடுதலாக உள்ளே விடும் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ். சாதாரண 18-55 கிட் லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு (இந்த எண் கூடினால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) இழுத்தால் அதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் எண் சிறியதானால் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை விடுகிறது. கிட் லென்ஸில் நொடியில் 20இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய அதே அறையில், இதில் 200இல் ஒரு பங்கு போதும். முதல் படத்தில் குழந்தையின் கை ஒரு கோடாகத் தெரியும். இரண்டாவதில் விரல்களை எண்ணலாம். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவுக்கு 35 மி.மீ. எஃப் 1.8, ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாருக்கு 50 மி.மீ. எஃப் 1.8 என்பது பழைய சூத்திரம். இன்னும் பொய்க்கவில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ் வரிசையில்தான் இவை இருக்கின்றன.

வேடந்தாங்கலுக்குப் போய், நத்தைக்குத்தி நாரை எறும்பளவில் விழுந்த படங்களோடு திரும்புகிறவரா? அப்படியானால் பணத்தில் பெரும்பகுதி லென்ஸுக்குத்தான். 300 மி.மீ. தொடக்கம், 400க்கு மேல் போனால்தான் இறகு இறகாகத் தெரியும். ஏபிஎஸ்-சி சென்சார் இங்கே கைகொடுக்கிறது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. போலக் காட்டும், கேனானில் 480. சிக்மா, டாம்ரான் என்ற லென்ஸ் கம்பெனிகள் இரண்டும் டிஎஸ்எல்ஆர் (பிம்பத்தைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே இருக்கும் பழைய வகைக் கேமரா) மவுண்டுகளுக்குச் செய்த 150-600 ஜூம்கள், பறவை பார்ப்பவர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கும் பழைய லென்ஸ்கள். பழைய பாடியும் இப்படியொரு லென்ஸும் சேர்ந்தால், புத்தம்புது பாடியும் கிட் லென்ஸும் கனவிலும் எட்டாத படங்கள் கிடைக்கும்.

கோயில் மண்டபம், பழைய வீடுகள், குறுகிய பிராகாரம் என்றால் 18 மி.மீ.யும் போதாமல் போகும், 10 மி.மீ.யில் தொடங்கும் ஜூம் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை. ஆகவே நடுக்கம் தணிக்கும் வசதி பாடியிலோ லென்ஸிலோ இருப்பது நல்லது. ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தணிக்கும். நாதஸ்வரக்காரரின் விரல் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

தெருவும் பயணமும் என்றால், எடை குறைந்த கேமராவே சிறந்த கேமரா. கனமானதை வாங்கியவர்கள் இரண்டாம் பயணத்திலேயே அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

2. பணத்தைப் பிரிப்பது

கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் போகாதீர்கள். லென்ஸுக்கு முப்பத்தைந்து. மீதிப் பதினைந்தாயிரத்தில் உண்மையான மெமரி கார்டு இரண்டு, கூடுதல் பேட்டரி, ஈரம் தடுக்கும் பெட்டி, ப்ளோயர் (தூசியை ஊதும் ரப்பர் பந்து), துணி ஆகியவற்றை முடித்துவிடலாம். தொகை எவ்வளவானாலும் இந்த விகிதத்தை மாற்ற வேண்டாம். பறவைக்காரர்கள் மட்டும் பாடியின் பங்கை இன்னும் குறைக்கலாம். பாடி நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸோ அடுத்த பாடிக்கும் அதற்கடுத்த பாடிக்கும் உங்களோடு வரும், விற்றாலும் விலை போகும்.

"இலவச பை, இலவச முக்காலி, இலவச ஃபில்டர்" என்று சேர்த்துக் கட்டிக் கொடுப்பதைத் தவிருங்கள். அந்த முக்காலி விசிறிக் காற்றுக்கே ஆடும்.

3. சென்சாரும் மெகாபிக்சலும்

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6 மி.மீ.; கேனானுடையது சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பரப்பு கூடக்கூட இருட்டில் படம் சுத்தமாக வரும். கூடவே லென்ஸின் எடையும் விலையும் ஏறும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும் என்பது என் உறுதியான கருத்து. இரவுக் கச்சேரி, திருமணம் என்று தொழிலாகவே இறங்குகிறவர்கள் மட்டும் ஃபுல் ஃபிரேமைப் பற்றி யோசிக்கலாம்.

மெகாபிக்சலுக்கு ஒரு சின்னக் கணக்கு. 4கே திரை முழுவதையும் நிரப்ப 8 மெகாபிக்சலும் சில்லறையும் போதும். ஆல்பத்துக்கான 12க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 மெகாபிக்சலை எட்டாது. இன்று 24 மெகாபிக்சல் சர்வசாதாரணம். அதற்கு மேல் விளம்பரத்தில் வரும் எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

4. மிரர்லெஸ்ஸா, டிஎஸ்எல்ஆரா?

2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. இரண்டும் 2018இல் தொடங்கிய புதிய மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) மவுண்டுகளுக்கு நகர்ந்துவிட்டன: கேனானுக்கு ஆர்எஃப், நிக்கானுக்கு இசட். சோனியின் இ மவுண்ட் 2010இலிருந்தும் ஃபியூஜியின் எக்ஸ் மவுண்ட் 2012இலிருந்தும் இருக்கின்றன. புதிதாக வாங்குவதானால் மிரர்லெஸ்தான். எதிரில் நிற்பவரின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் ஒன்றுக்காகவே வாங்கலாம்.

பணம் இறுக்கமாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்றும் நல்ல வழி. நிக்கான் டி7200, டி750, கேனான் 80டி போன்றவை எல்லாம் 24 மெகாபிக்சல் கேமராக்கள். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுவதால் விலை சரிந்துவிட்டது. 1987இலிருந்து வரும் கேனான் இஎஃப் லென்ஸ்களும், 1959இலிருந்து வரும் நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ்களும் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. கேனானின் இஎஃப் லென்ஸ்களை நாளை அடாப்டர் போட்டு ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம்.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. பெயரில் "டி" என்று முடியும் பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கு, எடுத்துக்காட்டாக மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸுக்கு, உள்ளே மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார்தான் திருகு வழியாக அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. டி5600இல் மாட்டினால் லென்ஸ் பொருந்தும், படமும் விழும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. டி7000 வரிசையில் வேலை செய்யும். வாங்கும் முன் லென்ஸின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

வேறு கம்பெனிகள் செய்யும் மலிவான நல்ல லென்ஸ்கள் எந்த மவுண்டுக்கு அதிகம் என்றும் பாருங்கள். சோனி இ மவுண்ட் இதில் முன்னே நிற்கிறது. கேனான் ஆர்எஃப் மவுண்டின் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024இல்தான் அறிவிக்கப்பட்டன.

5. பழைய கேமராவைச் சோதிப்பது

கூரியரில் வரவழைக்காதீர்கள். பகலில், நேரில், உங்கள் கார்டையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து அதையே செய்யுங்கள். உள்ளே இரண்டு மூன்று தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பால்போல் மங்கியிருந்தாலும் அப்படியே. அடுத்து ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் கடைசி வரை சுழற்றுங்கள். மணல் உரசுவது போன்ற கரகரப்பு இருந்தால் கடற்கரையில் உழைத்த லென்ஸ். மவுண்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு பாடி. அபெர்ச்சரை எஃப் 16இல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சார் மேல் தூசி, துடைத்தால் போகும். கீறல் போல ஒரு கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை நிக்கான் தன் ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) கோப்பிலேயே எழுதிவைக்கிறது. கேனானின் பல மாடல்களில் தனி மென்பொருள் கொண்டுதான் பார்க்க முடியும். தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறையை ஒட்டியும், நடுத்தரமானவை ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரையும் தாங்கும் என்று கம்பெனிகள் சோதிக்கின்றன. எல்லையைத் தாண்டியவுடன் நின்றுவிடும் என்பதில்லை. பேரம் பேச உதவும் எண் அது.

எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். பாடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லை என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

புதிது வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால், அது வெளிநாட்டுச் சந்தைக்கான பெட்டியாக இருக்கலாம். இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டி செல்லுமா என்பதை பில் போடும் முன் கேளுங்கள், பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

6. முதல் நாள்

தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும் வரை அதைச் சுழற்றுங்கள். பல ஆண்டு கேமரா வைத்திருப்பவர்களில்கூடப் பலர் அதைத் தொட்டதில்லை. ஃபோகஸ் சரியில்லை என்று கேமராவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கோப்பு வகையை "ரா + ஜேபெக்" என்று வையுங்கள். ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. இருண்டுபோன முகத்தைப் பிற்பாடு தூக்கி எடுக்க இந்த வித்தியாசம்தான் உதவும். ரா கோப்பைத் திருத்த இன்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டு தெரிந்திருக்கும், அப்போது கோப்பு கையில் இருக்க வேண்டும்.

முழு மேனுவலில் (எல்லா அமைப்பையும் நீங்களே வைப்பது) தொடங்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அபெர்ச்சர் முன்னுரிமை (அபெர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் வேகம் கேமரா பொறுப்பில்), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே ஏற்றி இறக்குவது), குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/200: மனிதர்களைப் படம் எடுக்க இது போதும். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் பதற வேண்டாம். புள்ளிகள் உள்ள படத்தைப் பார்க்க முடியும். நடுங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

7. ஈரமும் பூஞ்சையும்

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, உங்கள் லென்ஸுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை முளைக்க ஈரமும் இருட்டும் அசையாக் காற்றும் வேண்டும். பூட்டிய பீரோ மூன்றையும் தருகிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே நாள்கணக்கில் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது எப்போதும் அதற்கு மேல்தான். வளரும் பூஞ்சை அமிலத்தைச் சுரந்து கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். பிறகு துடைத்தால் பூஞ்சை போகலாம், அரித்த தடம் போகாது.

ஆகவே இருப்பிடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். மின்சார ட்ரை கேபினட் (ஈரத்தை உறிஞ்சும் சிறு அலமாரி) இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்துவிட்டால் அதை வாங்கிவிடுங்கள். தொடக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவே போதும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, கிளிப் போட்டு இறுக்கும் பெரிய டப்பா ஒன்று. அரைக் கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), துணிப்பையில் கட்டியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று, வெளியிலிருந்தே எண் தெரியும்படி உள்ளே. எண் 50ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாகவும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகவும் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு, ஆரஞ்சையே வாங்குங்கள். எதுவானாலும் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஈரப்பதத்தை 30க்குக் கீழே இறக்குவதால் எந்த நன்மையும் இல்லை.

அந்துருண்டை போடுவது பழைய வீட்டுப் பழக்கம். கேமராவுக்குப் போடவே கூடாது; அதன் ஆவி கண்ணாடியில் படியும். கேமராவைத் தோல் உறையிலோ பஞ்சு வைத்த பையிலோ மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. பை தூக்கிச் செல்வதற்கு மட்டும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

ஏசி அறை இன்னொரு தொல்லை. கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்கவென்று ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் வெளியே வந்தால், லென்ஸ் சட்டென்று பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. அறையைவிட்டுக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே, காற்றுப் புகாத ஜிப் பையில் கேமராவைப் போட்டு மூடி, ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. பனித்த நிலையில் லென்ஸைக் கழற்ற வேண்டாம்.

நனைந்துவிட்டால் உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, துடைத்து, விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வேலை செய்கிறதா என்று நடுவில் போட்டுப் பார்க்காதீர்கள். அரிசி மூட்டை வைத்தியமும் வேண்டாம். தவிட்டுத் தூள் உள்ளே போகும். கடல்நீர் பட்டால் வீட்டு வைத்தியமே கிடையாது, அன்றைக்கே சர்வீஸ் சென்டர்.

8. சுத்தம் செய்வது

வரிசை முக்கியம்: முதலில் ரப்பர் ப்ளோயர், பிறகு மென்மையான தூரிகை, கடைசியாகத்தான் துணி. மணல் துகள் ஒட்டியிருக்கும்போது துணியால் தேய்த்தால் நீங்களே கீறல் போடுகிறீர்கள். திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் நேரடியாக அல்ல. ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். சட்டை நுனி, வேட்டி நுனி, வாயால் ஊதுவது எதுவும் கூடாது. கடற்கரைக்குப் போய்வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள்.

வாடிவாசல் புழுதியிலும் கடற்கரைக் காற்றிலும் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, பாடியின் வாய் தரையைப் பார்க்க மாற்றுங்கள். சென்சாரில் தூசி விழுந்தால், கேமராவின் சுத்தம் செய்யும் மெனுவைப் போட்டு, முழு சார்ஜில், கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் நாலு முறை ஊதுங்கள். அதில் போகாவிட்டால் சென்சார் அளவுக்கேற்ற ஸ்வாப் (துடைக்கும் குச்சி) வாங்கிச் செய்யலாம். கை நடுங்குகிறவர்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

யூவி ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிறமற்ற கண்ணாடி) போடலாமா என்று முடியாத சண்டை ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. புழுதியிலும் உப்புக் காற்றிலும் போடுங்கள். மற்ற நேரத்தில் லென்ஸ் ஹுட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு) போதும்; மோதலையும் தாங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும். மலிவான ஃபில்டர் தெருவிளக்கைச் சுற்றி இரண்டாவது விளக்கு ஒன்றைப் படத்தில் வரைந்துவிடும்.

9. பேட்டரி, கார்டு, படங்கள்

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில், கழற்றி வையுங்கள். விமானத்தில் கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.

கார்டில் வி30 என்று இருந்தால் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். தொடக்கத்துக்கு அது போதும். போலிக் கார்டுகள் ஏராளம். 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 16தான் இருக்கும். வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவும் நிரம்பும்வரை எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டிவிடுங்கள்.

படங்கள் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினி, தனி ஹார்டு டிஸ்க், இணையச் சேமிப்பு என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். இரண்டு இடத்திலாவது சேர்ந்த பிறகே கார்டை அழியுங்கள், அதையும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருள் பெரும்பாலான படங்களைத் திருப்பித் தந்துவிடும்.